பழைய போரா, புதுத் துளையா: நிலத்தடி மாசு பார்க்க மதுரைப் பக்கம் எப்படி மாதிரி எடுப்பது

கப்பலூர்ப் பக்கம் 40 சென்ட் இடம் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையில் முன்பு லாரிப் பட்டறை இருந்திருக்கிறது; கழிவு ஆயிலும் டீசலும் மண்ணில்தான் இறங்கியிருக்கும். வாங்குகிறவர் வழக்கமாகச் செய்வது இதுதான்: இடத்திலுள்ள போரின் (ஆழ்துளைக் கிணற்றின்) மோட்டாரைப் போட்டு, காலித் தண்ணீர் பாட்டிலில் பிடித்து, ஆய்வகத்தில் கொடுத்து, ‘எல்லாம் வரம்புக்குள்’ என்று ஒரு தாள் வாங்கிக்கொள்வார். அந்தத் தாளில் தப்பு இருக்காது. ஆனால் 4 மீட்டரில் டீசல் ஊறிக் கிடக்கும் இடத்திலும் 90 மீட்டர் போர் அப்படித்தான் பதில் சொல்லும்.

இந்த வேலையில் காசு இரண்டு பக்கம் போகிறது: ஒன்று துளைக்கு, மற்றது பரிசோதனைப் பட்டியலுக்கு. பெரும்பாலோர் துளையில் மிச்சம் பிடித்துப் பட்டியலை நீட்டுகிறார்கள். எங்கள் கணக்கு நேர்மாறு. சந்தேகப்படும் பொருள் எந்த ஆழத்தில் இருக்குமோ அங்கிருந்து எடுத்த மூன்று மாதிரியில் ஐந்து சோதனை செய்வது, கண்ட ஆழத்தில் எடுத்த ஒரு மாதிரியில் ஐம்பது சோதனை செய்வதைவிட மேல்.

ஏற்கெனவே இருக்கும் போர்

மதுரை மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். அடியில் நைஸ், சார்னோக்கைட் என்னும் கெட்டிப் பாறைகள்; அதன் மேல் சிதைந்த பாறை; அதற்கும் மேல் மேலூர்ப் பக்கம் செம்மண், திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். வைகைக் கரையோரம்தான் மணலும் வண்டலும். போர் போடுகிறவர்கள் கெட்டிப் பாறை தட்டும்வரை கேசிங் (துளைச் சுவரைத் தாங்கும் குழாய்) இறக்கிவிட்டு, அதற்குக் கீழே ஆறரை அங்குலத் துளையைச் சும்மா விட்டுவிடுவார்கள். 120 அடியில் ஓர் ஊற்று, 210-ல் ஒன்று, 280-ல் ஒன்று என்று பாறை வெடிப்புகளில் கிடைக்கும் நீர் எல்லாம் கலந்துதான் குழாய்க்கு வரும்.

மாசு மேலிருந்து இறங்குவது. மேல் ஊற்று நிமிடத்துக்கு 4 லிட்டர், ஆழ ஊற்றுகள் சேர்ந்து 36 லிட்டர் தருகின்றன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் ஊற்றில் குரோமியம் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், கீழே எதுவும் இல்லை. குழாயில் வருவது 0.03. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரம் மொத்தக் குரோமியத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 0.05. ஆறு மடங்கு கெட்ட தண்ணீர் பாஸாகிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கேசிங்குக்கு வெளியே உள்ள இடைவெளியைச் சிமென்ட் விட்டு அடைக்காத போர்கள் ஏராளம். போர் வாயை ஒட்டி மாடு கட்டியிருந்தாலோ, செப்டிக் டேங்க் இருந்தாலோ, மழைத் தண்ணீர் கேசிங்கை ஒட்டியே இறங்கும். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டி நிற்கும். கெட்டது அந்தப் போரின் வாய். சுற்றுவட்டார நிலத்தடி நீர் முழுவதும் கெட்டுவிட்டதாக எழுதிவிடக் கூடாது.

அப்படியானால் பழைய போர் எதற்கு உதவும்? இரண்டுக்கு. ‘இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா’ என்ற கேள்விக்கு அதுதான் சரியான மாதிரி, ஏனென்றால் குடிக்கப் போவது அந்தக் கலவையைத்தான். இன்னொன்று, பரந்த அளவில் உப்பு பரவியிருக்கிறதா என்று பார்க்க. சாயப்பட்டறைக் கழிவு, அல்லது அவனியாபுரத்தை ஒட்டிய வெள்ளக்கல் கிடங்கு மாதிரியான குப்பை மேட்டின் வடிநீர் என்றால், சுற்றியுள்ள 20 போர்களில் ஒரே நாளில் கையடக்க இ.சி. மீட்டரை (மின்கடத்துதிறனை வைத்து உப்பைக் காட்டும் கருவி) வைத்துப் பார்த்து வரைபடத்தில் குறித்தாலே உப்பு எந்தத் திசையில் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். பிறகு அதில் ஐந்தாறு போரில் மட்டும் குளோரைடு, அம்மோனியா, சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை) பார்த்தால் போதும்.

போரில் எடுப்பதானால் முதலில் தேங்கிய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். கணக்கு எளிது: ஆறரை அங்குலத் துளையில் மீட்டருக்கு ஏறக்குறைய 21.4 லிட்டர். 90 மீட்டர் போர், நீர்மட்டம் 15 மீட்டர் என்றால் 75 மீட்டர் தண்ணீர், அதாவது 1,600 லிட்டர். மூன்று மடங்கு வெளியேற்றுவது மரபு: 4,800 லிட்டர். மோட்டார் நிமிடத்துக்கு 50 லிட்டர் தள்ளினால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். ‘அஞ்சு நிமிஷம் ஓட்டிட்டுப் பிடிச்சேன்’ என்பது குழாய்க்குள் கிடந்த தண்ணீரைப் பிடித்ததுதான். தினமும் மணிக்கணக்கில் ஓடும் தோட்டத்துப் போருக்கு இவ்வளவு வேண்டாம், பி.எச்., இ.சி., வெப்பநிலை மூன்றும் அடுத்தடுத்த மூன்று அளவீட்டில் மாறாமல் நின்றால் பிடிக்கலாம். பி.எச். 0.1-க்குள், இ.சி. 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

மேல்நிலைத் தொட்டிக் குழாயில் பிடிக்காதீர்கள். கம்ப்ரசர் வைத்துக் காற்றால் தண்ணீர் தள்ளும் போரில் பெட்ரோல், டீசல், கரைப்பான் வகை எதையும் பார்க்கவே வேண்டாம். காற்று ஆவியாகும் பொருளை அடித்துக்கொண்டு போய்விடும், கரைந்த இரும்பு துருவாகிவிடும், போதாதற்குக் கம்ப்ரசர் ஆயில் வேறு சேரும்.

திறந்த கிணறு

மேல்மட்ட நீரைக் காட்டும் என்பது இதன் பலம். வாய் அகலம், வெயில், பாசி, மழையில் உள்ளே வழியும் தண்ணீர் எல்லாம் பலவீனம். நைட்ரேட், குளோரைடு, கனமான உலோகங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் வாசனை வரும் கிணறு என்றால் மாசு உறுதி. வாசனை வராத கிணறு எதையும் உறுதி செய்யாது.

புதிதாக ஒரு கண்காணிப்புத் துளை

செலவு இங்கேதான். ஆனால் பட்டறை, பழைய பெட்ரோல் பங்க், ரசாயனக் கிடங்கு, சாயத் தொட்டி என்று ஒரே இடத்திலிருந்து இறங்கும் மாசுக்கு இதைவிட நம்பகமான வழி இல்லை. துளை வழக்கமாக 100 முதல் 150 மி.மீ.; அதற்குள் 50 மி.மீ. பி.வி.சி. குழாய். கீழ்ப்பகுதி சல்லடைபோல் வெட்டிய 3 மீட்டர் குழாய். பெட்ரோலும் டீசலும் தண்ணீருக்கு மேல் மிதப்பவை, ஆகவே சல்லடைப் பகுதி நீர்மட்டத்தின் மேலும் கீழும் பரவி நிற்க வேண்டும். மே மாதத்துக்கும் டிசம்பருக்கும் நீர்மட்டம் பல மீட்டர் மாறுகிற ஊர் இது. மே மாதம் பார்த்து ஆழம் வைத்தால் மழைக்குப் பின் எண்ணெய்ப் படலம் சல்லடைக்கு மேலே போய், குழாய் சுத்தமான தண்ணீரைக் காட்டும். அதனால் இங்கே 4.5 அல்லது 6 மீட்டர் சல்லடை வைப்பதே நல்லது.

சல்லடையைச் சுற்றிக் கழுவிய சிலிகா மணல், சல்லடைக்கு மேலே இரண்டடி வரை. அதன் மேல் இரண்டடி பென்டோனைட் களிமண் அடைப்பு. அதற்கு மேல் தரை வரை சிமென்ட் கூழ், பூட்டுடன் மூடி. குழாய்களை மறையிட்டு முறுக்கி இணைக்க வேண்டும். பிளம்பர் கைப்பழக்கத்தில் பி.வி.சி. பசை தடவிவிடுவார், அந்தப் பசையின் கரைப்பான் மாதக் கணக்கில் தண்ணீரில் கசிந்து அறிக்கையில் வந்து உட்காரும்.

எந்த வண்டியால் துளை போடுவது என்பது பலரும் கேட்காத கேள்வி. ஊரில் கிடைப்பது போர் வண்டி. அதன் சுத்தியல் துளைக்குள்ளேயே காற்றழுத்தத்தில் இயங்குகிறது; சுத்தியல் தேயாமலிருக்க அந்தக் காற்றோடு ஆயிலும் போய்க்கொண்டே இருக்கும். ஆயில் மாசு தேடும் துளையில் ஆயிலைத் தெளித்துக்கொண்டே இறங்குகிற வண்டி அது. உப்பு, நைட்ரேட், உலோகம் தேடினால் பரவாயில்லை. எண்ணெய், பெட்ரோல், கரைப்பான் என்றால் கட்டட அஸ்திவாரத்துக்கு மண் பரிசோதனை செய்யும் முக்காலி ரிக் மேல். அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது இரண்டு: துளைச் சுவர் சரியாமலிருக்கப் பென்டோனைட் கூழ் ஊற்றக் கூடாது, கேசிங் இறக்கித்தான் போக வேண்டும்; கழுவும் தண்ணீரை எந்த டேங்கரில் கொண்டுவருகிறார்களோ அதிலும் ஒரு பாட்டில் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும். கெட்டிப் பாறை தட்டினால் அந்த ரிக் நின்றுவிடும். பெரும்பாலும் அதுவே போதுமான ஆழம்.

ஒரு துளை திசை சொல்லாது. குறைந்தது மூன்று: மேட்டுப் பக்கம் ஒன்று, பள்ளத்துப் பக்கம் இரண்டு. மேடு பள்ளம் தெரியாத இடத்தில் பக்கத்துக் கண்மாயைப் பாருங்கள். கரை போட்டிருக்கும் பக்கம்தான் பள்ளம். மேல்மட்ட நீர் ஏறக்குறைய அப்படியே போகும், பாறை வெடிப்பு நீர் அதன் இஷ்டத்துக்குப் போகும். மூன்று துளையிலும் நீர்மட்டத்தை அளந்து உறுதிப்படுத்திக்கொள்வது கட்டாயம். துளை போட்டதும் கலங்கல் போகும்வரை இறைத்துவிட்டு, ஒரு வாரம் விட்டுத்தான் மாதிரி.

50 மி.மீ. குழாயில் மீட்டருக்கு 2 லிட்டர்கூட இல்லை. 3 மீட்டர் தண்ணீர் நின்றால் மூன்று மடங்கு வெறும் 18 லிட்டர். மேலே சொன்ன 4,800 லிட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த 18 லிட்டரையும் தரையில் கொட்டாமல் கேனில் பிடித்து வைக்க வேண்டும்.

பெய்லரா, பம்பா

பெய்லர் என்பது அடியில் வால்வு வைத்த ஒரு மீட்டர் நீளக் குழாய். கயிற்றில் கட்டி இறக்கினால் சுமார் ஒரு லிட்டர் வரும். மலிவு, ஒவ்வொரு துளைக்கும் புதிதாக ஒன்று வாங்கித் தூக்கிப் போடலாம். ஆனால் தொப்பென்று விட்டால் அடி வண்டல் கலங்கும். கலங்கிய தண்ணீரில் நைட்ரிக் அமிலம் விட்டால் களிமண்ணில் ஒட்டியிருக்கும் இரும்பு, ஈயம், குரோமியம் எல்லாம் கரைந்து வரும். தண்ணீரில் இல்லாத ஈயம் அறிக்கையில் முளைப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

உலோகம் முக்கியமானால் மெதுவாக இறைக்கும் பம்பு வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி., நீர்மட்டம் 10 செ.மீ.க்கு மேல் இறங்காதபடி. மேலே வைத்து உறிஞ்சும் பெரிஸ்டால்டிக் பம்பு 7, 8 மீட்டருக்குக் கீழே உள்ள தண்ணீரை எடுக்காது. கோடையில் இங்கே பல இடங்களில் அது எட்டாது. 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் குட்டி சப்மெர்சிபிள் பம்பே பொருத்தம். பம்பு கிடைக்கவில்லை என்றால் பெய்லரை மெதுவாக இறக்கி எடுத்து, 0.45 மைக்ரான் ஃபில்டரில் அங்கேயே வடிகட்டிப் பிறகு அமிலம் விடுங்கள். வடிகட்டாதது ஒன்று, வடிகட்டியது ஒன்று என்று இரண்டும் கொடுத்தால், இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளியே கலங்கல் எவ்வளவு என்று சொல்லிவிடும்.

மண்: கை ஆகர், ஜேசிபி, ரிக்

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். விவசாயிக்குத் தெரிந்த மண் மாதிரி என்பது வயலில் பல இடத்தில் ‘வி’ வடிவில் 15 செ.மீ. வெட்டி, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ கொடுப்பது. உரம் எவ்வளவு போடுவது என்பதற்கு அது அருமையான முறை. மாசு தேட அதே முறை ஏமாற்றும். ஐந்து இடத்து மண்ணைக் கலக்கிறோம். ஓரிடத்தில் ஈயம் கிலோவுக்கு 500 மில்லிகிராம், மற்ற நான்கில் 20. கலவையில் 116. அந்த ஒரு மூலை காணாமல் போய்விட்டது. மண்வள அட்டையில் வரும் துத்தநாகம், செம்பு அளவுகளும் பயிருக்குக் கிடைக்கும் பங்கு மட்டுமே, மொத்த அளவு இல்லை. ஆவியாகும் பொருள் என்றால் கலப்பதே கூடாது. கலக்கும்போதே பாதி போய்விடும்.

கை ஆகர் என்பது கையால் சுற்றி மண்ணைத் துளைக்கும் கருவி: 75 முதல் 100 மி.மீ. அகல வாளி நுனி, ஒரு மீட்டர் கம்பிகளைச் சேர்த்து நீட்டிக்கொள்ளலாம். செம்மண்ணில் இரண்டு ஆள் 3 மீட்டர் இறங்கலாம். சரளையோ சுக்கான் கல்லோ தட்டினால் நின்றுவிடும். வாளி மேலே வந்ததும் மேல் 5 செ.மீ. மண்ணைத் தட்டிவிடுங்கள்; அது சுவரிலிருந்து உதிர்ந்த மேல்மண். ஒவ்வொரு ஆழத்துக்கும் முன் பிரஷ், சோப்புத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், கடைசியாக டிஸ்டில்டு வாட்டர். சந்தேகம் குறைந்த மூலையில் ஆரம்பித்து, மோசமான இடத்தில் முடிப்பது ஒழுங்கு.

கரிசலில் கதை வேறு. ஏப்ரல், மே மாதத்தில் திருமங்கலம் கரிசல் கல்லாகக் கிடக்கும். ஆகர் இறங்கவில்லை என்றால் வேலையாள் இயல்பாக என்ன செய்வார்? ஒரு குடம் தண்ணீரைத் துளையில் ஊற்றி ஊறவிடுவார். கிணறு வெட்டுகிற கைக்கு அது சரியான யோசனை. மாதிரி அங்கேயே வீண். உப்பும் நைட்ரேட்டும் அந்தத் தண்ணீரோடு கீழே இறங்கியிருக்கும், ஊற்றிய தண்ணீரின் உப்பு மேலே சேர்ந்திருக்கும். இதை வேலை தொடங்குமுன் சொல்லிவிட வேண்டும். கரிசலின் இன்னொரு குணம் வெடிப்பு: கோடையில் ஒரு மீட்டர்வரைகூடப் பிளக்கும், கொட்டிய ஆயில் அந்தப் பிளவு வழியாக நேரே கீழே போகும். மேல் 30 செ.மீ. சுத்தமாகவும் 1 மீட்டரில் கறுத்தும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதனால் இங்கே மேல்மண் மாதிரியை மட்டும் வைத்து முடிவெடுப்பது ஆபத்து, 0.15, 0.5, 1, 2 மீட்டர் என்று நான்கு ஆழமாவது வேண்டும். ஆகர் சுற்றும்போது ஈரக் கரிசல் சுவரில் அப்பிக்கொள்ளும்; வாளிக்கு நடுவில் உள்ள கட்டியை மட்டும் எடுங்கள்.

ஜேசிபி குழி ஆழம் தேடுவதைவிடப் புதைத்ததைத் தேட நல்லது. குப்பை கொட்டி மேடாக்கிய மனை, கண்மாய் ஓரம் மண் கொட்டி நிரப்பிய மனை என்றால், ஆகர் ஒரு கல்லில் தட்டி நிற்கும். குழியோ அடுக்குகளையே காட்டிவிடும்: இந்த அடுக்கு சாம்பல், இது பிளாஸ்டிக், இங்கிருந்து பழைய மண். வாளிப் பல்லில் ஹைட்ராலிக் ஆயில் சொட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய கட்டியாக எடுக்கச் சொல்லி, இரும்பு படாத நடுப்பகுதியைச் சுரண்டி எடுங்கள். மார்பளவுக்கு மேல் ஆழமான குழிக்குள் ஆள் இறங்கவே கூடாது. குப்பை மேட்டில் மீத்தேன் வேறு இருக்கும்.

3 மீட்டருக்குக் கீழே போக வேண்டுமானால் முக்காலி ரிக்கும் இரண்டாகப் பிளக்கும் குழாயும்: 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு அடித்து இறக்குவார்கள். கண்காணிப்புத் துளை போடுகிற நாளிலேயே இந்த மண்ணையும் எடுத்துவிட்டால் ரிக் வாடகை ஒன்றுதான்.

பாட்டிலும் ஐஸும்

கனிமநீர் பாட்டிலில் பிடித்துக் கொடுப்பது குளோரைடுக்குச் சரி, எண்ணெய்க்குச் சரியில்லை. உலோகத்துக்குப் பிளாஸ்டிக் பாட்டில், நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழ், ஆறு மாதம் தாங்கும், பாதரசம் மட்டும் 28 நாள். ஃபுளோரைடுக்கு பிளாஸ்டிக்தான். எண்ணெய்க்கு அகலவாய்க் கண்ணாடி, பிடிக்கும் தண்ணீரில் பாட்டிலைக் கழுவக் கூடாது, ஏனென்றால் எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அமிலம் விடாத நைட்ரேட் 48 மணி நேரம். ஆறிணைய குரோமியம் 24 மணி நேரம்.

பெட்ரோலின் பென்சீன் வகைக்கு 40 மி.லி. பழுப்புக் கண்ணாடிக் குப்பி. அதை நிரப்புவதுதான் இந்த வேலையிலேயே நுணுக்கமான காரியம். குப்பியைச் சாய்த்து, தண்ணீர் சுவரோடு வழிந்து இறங்கும்படி மெதுவாக நிரப்ப வேண்டும். குப்பிக்குள் முன்பே விட்டிருக்கும் அமிலம் வழிந்து போகாமல், வாய்க்கு மேல் தண்ணீர் குவிந்து நிற்கும்போது நிறுத்தி மூடி போட வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பாருங்கள். பட்டாணி அளவுக் குமிழி தெரிந்தால் அது வீண், புதுக் குப்பி எடுங்கள். பழைய குப்பியில் மேலும் கொஞ்சம் ஊற்றி நிரப்பக் கூடாது. பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால், அதன் புகை உங்கள் பக்கம் வராதபடி காற்று வீசிப் போகும் பக்கம் தள்ளி வையுங்கள். மார்க்கர் பேனாவையும் எட்ட வையுங்கள். இரண்டின் ஆவியும் குப்பிக்குள் வந்துவிடும்.

ஐஸ் கட்டி உருகிய தண்ணீரில் பாட்டில்கள் நீந்தினால் லேபிள் கழன்றுவிடும். ஒவ்வொன்றையும் ஜிப் கவரில் போட்டு அதன் பிறகு தெர்மாகோல் பெட்டியில் வையுங்கள். பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை மாதிரி, அதாவது ஒரே இடத்தில் இரண்டு தடவை பிடித்தது. பென்சீன் பார்த்தால் ஆய்வகத்திலிருந்து சுத்த நீருடன் வந்து திறக்காமலே திரும்பும் ஒப்பீட்டுக் குப்பி ஒன்று. இந்த இரண்டும் இல்லாத அறிக்கையை நாங்கள் நம்புவதில்லை.

எந்த ஆய்வகம்

குடிநீர்க் கேள்விக்கு மதுரையிலுள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் போதும். மண்ணில் பெட்ரோலியப் பொருள், பென்சீன் என்றால் பெரும்பாலும் சென்னை, கோவைப் பக்கம் அனுப்ப வேண்டியிருக்கும். ‘என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கா’ என்று மட்டும் கேட்டால் ‘இருக்கு’ என்பார்கள். அங்கீகாரம் ஒவ்வொரு சோதனைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி. தண்ணீரில் ஈயத்துக்கு இருப்பவருக்கு மண்ணில் ஈயத்துக்கு இல்லாமல் இருக்கலாம். இணைப்புப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கண்டறியும் குறைந்தபட்ச அளவையும் கேளுங்கள். ஈயத்தின் குடிநீர் வரம்பு 0.01 மில்லிகிராம், கருவியால் 0.05-க்குக் கீழே பார்க்க முடியாத ஆய்வகம் ‘கண்டறியப்படவில்லை’ என்று எழுதுவதால் உங்களுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. இரவு பஸ்ஸில் பார்சல் போடுவதானால் 24 மணி நேரச் சோதனைகளை உள்ளூரிலேயே கொடுத்துவிடுங்கள்.

வழக்குக்குப் போகிற எண்ணம் இருந்தால் ஒன்று. 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி கழிவுநீர் மாதிரி எடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியின் வேலை. இடத்துக்காரருக்கு அறிவித்து, மாதிரியைப் பிரித்து, முத்திரையிட்டு எடுக்காவிட்டால் அந்த முடிவு சாட்சியமாக நிற்காது. உங்கள் தனியார் அறிக்கை அந்த இடத்தைப் பிடிக்காது. வாரியத்தை வரவழைக்க மனுவோடு வைக்கும் ஆதாரமாக அதைப் பயன்படுத்தலாம்.

எதை எடுப்பது

கப்பலூர் 40 சென்டுக்கு எங்கள் பதில்: பட்டறை இருந்த மூலையில் ஆகரால் நான்கு இடம், எதிர் மூலையில் ஒப்பிட ஓரிடம், ஒவ்வொன்றிலும் நான்கு ஆழம். மூக்கும் கண்ணும் காட்டும் ஆறேழு மண்ணை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதில் எண்ணெய் வந்தால் மட்டும் மூன்று கண்காணிப்புத் துளை. வராவிட்டால் போர்த் தண்ணீரைக் குடிநீர்ச் சோதனைக்குக் கொடுத்துவிட்டுப் பத்திரத்துக்குப் போகலாம். குப்பை மேட்டுப் பக்கம் என்றால் வரிசை மாறும்: முதலில் சுற்றுப்புறப் போர்களில் இ.சி., பிறகுதான் துளை. நிரப்பிய மனைக்கு ஜேசிபி, சந்தேகமே வேண்டாம். சாய உப்புக்கு மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்காமல் நேரே தண்ணீர்.

ஒரே ஒரு தடவைதான் எடுக்க முடியும் என்றால் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி. இரண்டு தடவை முடியும் என்றால் மே மாதமும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கிணறுகளில் நீர்மட்டம் அளப்பதும் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பரில்தான், ஒப்பிட வசதியாக இருக்கும். வேலை முடிந்த ஆகர் துளையை எடுத்த மண்ணால் நிரப்பாதீர்கள். பென்டோனைட் உருண்டைகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி அடையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மழையில் மேலே இருக்கும் ஆயிலுக்குக் கீழே இறங்க நீங்களே வழி வெட்டிக் கொடுத்ததாகிவிடும்.